மரை பொருந்திய சுவிட்ச்

"முள்ளப் பாக்காம ஓட்டிருக்கா டீச்சர். வேற ஒண்ணுமில்ல" என்று மெக்கானிக் சோணைமுத்து சொன்னபோது செல்லக்கிளி மூன்றடி தள்ளித் தண்ணீர்க் கேனோடு நின்றுகொண்டிருந்தாள்.

அவள் அவனுடைய மனைவி. இரண்டு வருடமாக ஐரின் டீச்சர் வீட்டுக் காரை ஓட்டுகிறவள். முந்தைய நாள் உசிலம்பட்டிக்குப் போகும் வழியில், செக்கானூரணிக்கு அப்பால் ஒரு கோயில் திருவிழாக் கூட்டத்தில் கார் அரைமணி நேரம் நகர முடியாமல் நின்றது. எஞ்சின் கொதித்து, பானட்டின் இடுக்குகளிலெல்லாம் ஆவி வந்து, அதோடு வண்டி படுத்துவிட்டது. உசிலம்பட்டியில் ராயப்பன் சாரின் அக்காவுக்கு நான்கு மணிக்கு அடக்கம். ராயப்பன் சார் டீச்சரின் கணவர். பக்கவாதம் வந்ததிலிருந்து இடது கையும் காலும் அவர் சொல்வதைக் கேட்பதில்லை. பஸ்ஸில் அவரை ஏற்ற முடியவில்லை. டீச்சர் ஒரு ஷேர் ஆட்டோக்காரரைக் கெஞ்சி, அவரைக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது குழியை மூடி, மாலைகளை மேலே அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது காலை பத்து மணி. அவனியாபுரத்துக் கத்திரி வெயில் ஷெட்டின் தகரக் கூரையில் ஏறி உட்கார்ந்துவிட்டது. வெள்ளைச் சேலையில் வந்திருந்த ஐரின் டீச்சர், உட்காரச் சொல்லிப் போட்ட ஸ்டூலில் உட்காரவில்லை. மூட்டு ஆபரேஷன் செய்த கால் வலிக்க, கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"முள்ளுன்னா என்ன?"

"சூடு காட்டுற முள்ளு டீச்சர். ஸ்பீடு முள்ளுக்குப் பக்கத்துலயே இருக்கும். அது செவப்புக்குப் போகையிலயே வண்டிய ஆஃப் பண்ணிருக்கணும். எஞ்சின் ஹெட்டு வளையுற வரைக்கும் விட்டுட்டா."

பக்கத்துக் கடை எலக்ட்ரீஷியன் பேச்சிமுத்து அங்கேதான் இருந்தான். காரைக் கயிறு கட்டித் தன் லோடு வண்டியில் இழுத்துவந்தவன் அவன். "பொம்பளையாளுக ரோட்டப் பாக்குறதே பெருசுண்ணே. இதுல முள்ள வேற எங்கிட்டுப் பாக்க" என்றான். டிங்கரிங் வேலை பார்க்கும் சுடலை, சுத்தியலை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

அந்தக் கயிற்றின் மறுமுனையில், உயிரில்லாத வண்டியின் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு செக்கானூரணியிலிருந்து அவனியாபுரம்வரை வந்தவள் செல்லக்கிளிதான். எஞ்சின் ஓடாத காரில் பிரேக் கல்லாக இருக்கும். அந்த பிரேக்கை மிதித்து, கயிறு ஓரிடத்திலும் தொய்யவிடாமல், முன்னால் போகும் வண்டியில் முட்டாமல் கொண்டுவந்திருந்தாள். அதை யாரும் சொல்லவில்லை.

டீச்சர் அவளைப் பார்த்தார். அவள் கேனின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"சார் நேத்துலேர்ந்து சாப்பிடல" என்றார் டீச்சர். "அக்கா முகத்தப் பாக்கலயே, அக்கா முகத்தப் பாக்கலயேன்னு அதையே சொல்லிக்கிட்டு இருக்காரு." அவர் குரலில் கோபம் இல்லை. வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த பிள்ளையிடம் பேசுகிற குரல் அது. "செல்லக்கிளி, நீ கொஞ்ச நாளைக்கு வர வேணாம்மா. அப்பறம் பாப்போம்."

"சரிங்க டீச்சர்" என்றாள்.

கார்ச் சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். டீச்சர் அதை வாங்கிச் சோணைமுத்துவின் கையில் கொடுத்தார். வேலைக்குத்தான் கொடுத்தார், வண்டி அவன் ஷெட்டில்தான் நிற்கப்போகிறது. ஆனாலும் அவள் கையிலிருந்து அவன் கைக்கு வந்த சாவியை எங்கே வைப்பதென்று அவனுக்குத் தெரியவில்லை. சட்டைப்பையில் போட்டான். அது நெஞ்சில் சூடாக இருந்தது.

அவள் முள்ளைப் பார்த்திருந்தாள் என்பது அவனுக்குத் தெரியும். பார்த்துவிட்டு அவனிடமே வந்து சொல்லியிருந்தாள். டீச்சர் அவன் முகத்தைப் பார்த்துக் கேட்டபோது, கைக்கு எட்டுகிற தூரத்தில் கிடந்த ஸ்பேனரை எடுப்பதுபோல அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டான். எடுத்த பிறகு கீழே வைக்க வழியில்லை.

*

அவன் ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. மதுரைப் பக்கம் பல ஷெட்டுகளிலும் உள்ளதுதான். வண்டி சூடாகிறது என்று யாராவது வந்தால் முதலில் எஞ்சினிலிருக்கிற வால்வைக் கழற்றி எறிந்துவிடுவான். எஞ்சின் போதிய அளவு சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் அடைத்துவைத்து, பிறகு வழிவிடுகிற சின்னக் கதவு அது. "நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு?" என்பான். அடுத்து, ரேடியேட்டரில் தண்ணீர் சூடேறும்போது ஃபேனை ஓடவைக்கிற சுவிட்சையும் ஒதுக்கிவிட்டு, சாவி போட்டதும் ஃபேன் ஓடும்படி வயரை நேராகக் கொடுத்துவிடுவான். டைரக்ட் பண்ணுவது என்று அதற்குப் பெயர். பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், எஞ்சின் சீக்கிரம் தேயும். ஆனால் சூடாகிறது என்று யாரும் திரும்பி வரமாட்டார்கள்.

ராயப்பன் சார் வண்டியும் அப்படித்தான் ஐந்து வருடம் ஓடியது. மாசி மாதம், பெட்ரோல் அதிகம் குடிக்கிறது என்று காரணம் தேடியபோது சாருக்கு இது தெரிந்துவிட்டது. முப்பது வருடம் மிஷன் பள்ளியில் இயற்பியல் நடத்தியவர். சோணைமுத்துவை வீட்டுக்குக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரவைத்துப் பாடமே எடுத்தார்.

"வால்வு எப்பத் தொறக்கணும், ஃபேன் எப்ப ஓடணும்னு வண்டி செஞ்சவன் பாத்துப் பாத்து வச்சிருக்கான்யா. மொதல்ல வால்வு தொறக்கணும். தண்ணி ரேடியேட்டருக்கு வரணும். அங்க ஆறலைன்னா ஃபேன் வரணும். ரெண்டும் ஜோடி. நீ புருசன் பொஞ்சாதி ரெண்டு பேரையும் வீட்ட விட்டுத் தொரத்திட்டு, வீடு அமைதியா இருக்குங்குற."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். வலது கையால் ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார். வால்வு எண்பத்திரண்டு டிகிரி. சுவிட்ச் தொண்ணூற்றிரண்டு டிகிரி.

வால்வு டவுன் கடையில் புதிதாகக் கிடைத்தது. சுவிட்ச் வர நான்கு நாள் ஆகும் என்றார்கள். சோணைமுத்துவின் மேசை டிராயரில் உடைத்துப் போட்ட வண்டிகளின் சாமான்கள் கிடக்கும். அதில் ஒரு சுவிட்ச் இருந்தது. ரேடியேட்டரில் வைத்துத் திருகினான். திருகு மரை வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது, ஒரு சொட்டுக் கசியவில்லை. மரை பொருந்தினால் சாமான் பொருந்தியது என்பதுதான் பதினெட்டு வருடத்தில் அவன் கற்றது. ஸ்பேனரைத் துடைத்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனான்.

பத்து நாள் கழித்துச் சாப்பிடும்போது செல்லக்கிளி முதல் முறை சொன்னாள்.

"ஏங்க, முள்ளு பாதிக்கு மேல ஏறுதுங்க. முன்னல்லாம் சாவி போட்டா ஃபேன் சத்தம் கேக்கும். இப்ப கேக்கவே மாட்டேங்குது."

"முன்ன டைரக்ட்ல இருந்துச்சு. இப்ப வேணுங்குறப்பத்தான் ஓடும். வேற வண்டி மாதிரி."

"எனக்கு ஒரு மாதிரியா இருக்கு."

"ஒனக்கு என்ன மாதிரி இருக்கும். குழம்ப ஊத்து."

இரண்டாவது முறை, பெரியார் பஸ் நிலையத்துப் பக்கம் நெரிசலில் நின்றபோது முள் இன்னும் மேலே போனதாகச் சொன்னாள். அவனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "முள்ளையே பாத்துக்கிட்டு ஓட்டுனா எவனையாச்சும் இடிச்சுப்புடுவ. நீ ரோட்டப் பாரு. வண்டிய நான் பாக்குறேன்" என்றான்.

அதற்குப் பிறகு வீட்டில் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

*

டீச்சர் வர வேண்டாம் என்ற மறுநாளே செல்லக்கிளி பரவை மார்க்கெட்டுக்குப் போனாள். அங்கே ஒரு வெங்காய மண்டியில் அவளுடைய அக்கா வேலை செய்கிறாள். அவனியாபுரத்திலிருந்து பரவைக்கு இரண்டு பஸ். வெயில் ஏறுவதற்குள் போய் உட்கார்ந்து, மூட்டை மூட்டையாகக் கொட்டிய வெங்காயத்தில் அழுகலையும் முளைவிட்டதையும் பொறுக்க வேண்டும். வெங்காயத் தோல் காற்றில் பறந்து தலையில் ஒட்டும். மாலையில் வீட்டுக்குள் நுழையும்போது அவளுக்கு முன்னால் வாடை வரும். அவள் அந்த வேலையை விட்டுக் கார் ஓட்டப் போனதிலிருந்து, இரண்டு வருடமாக இந்த வீட்டில் அந்த வாடை இல்லை. மிஷன்காரர்கள் பெண்களுக்கு நடத்திய வகுப்பில் முப்பத்தெட்டு வயதில் கார் கற்றுக்கொண்டு, துவைத்து மடிப்புக் கலையாத சேலையில் காலை எட்டு மணிக்குச் சாவியைச் சுழற்றிக்கொண்டு போனவள் அவள்.

வீட்டில் அவள் ஒரு சண்டையும் போடவில்லை. சோறு போட்டாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள். பிளஸ் டூ முடித்திருந்த மகள் சத்யப்ரியாதான் ஒருநாள் கேட்டாள்.

"ஏம்மா, நெசமாவே நீ முள்ளப் பாக்கலையா? எனக்கு ஓட்டிக் காட்டுறப்பல்லாம் அதத்தான மொதல்ல காட்டுவ?"

சோணைமுத்து தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. கருவாட்டுத் துண்டின் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து ஓரத்தில் வைத்துக்கொண்டிருந்தான்.

"கூட்டமா இருந்துச்சு" என்றாள் செல்லக்கிளி. "நீ சாப்புடு."

அவள் அப்படிச் சொன்னது அவனைக் காப்பாற்றத்தான். அது தெரிந்ததால் அந்தச் சோறு அவனுக்கு இறங்கவில்லை. அவள் கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பான். அதற்குப் பிறகு ஏதாவது ஒரு வழி இருந்திருக்கும்.

அவனுக்கு அந்த நாட்களில் ஒரு நினைப்பு இருந்தது. ஒருவேளை ரேடியேட்டரில் ஓட்டை இருக்கும், எலி ஹோஸைக் கடித்திருக்கும், ஏதோ ஒன்று கிடைக்கும். அவளும் இல்லை, தானும் இல்லை என்று சொல்லிவிட ஒரு மூன்றாவது காரணம். எஞ்சினைப் பிரிக்கும்போது ஒவ்வொரு ரப்பர் குழாயையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். எல்லாம் நன்றாகத்தான் இருந்தன.

*

வளைந்த ஹெட்டை லேத்துப் பட்டறையில் தட்டையாகச் சீவி வாங்கிவந்து, புது கேஸ்கெட் வைத்து மூடி, தண்ணீர் ஊற்றி ஸ்டார்ட் செய்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மற்ற கடைகள் பூட்டியிருந்தன. விமானம் ஒன்று கூரைக்கு மேல் மிகத் தாழ்வாக இறங்கிப் போனது. அதன் நிழல் ஷெட் வாசலை ஒரு நொடி மூடித் திறந்தது. சோணைமுத்து வண்டியை நிறுத்திய இடத்திலேயே ஓடவிட்டு, டிரைவர் சீட்டில், அவள் உட்காருமிடத்தில் உட்கார்ந்து முள்ளைப் பார்த்தான்.

முள் பாதிக்கு வந்தது. பாதியைத் தாண்டியது. இறங்கி ரேடியேட்டரின் மேல் குழாயைத் தொட்டான். கை சுட்டது. வால்வு திறந்து தண்ணீர் ரேடியேட்டருக்கு வந்துவிட்டது. ஃபேன் சும்மா இருந்தது. அதன் இறக்கைகளில் ஒட்டியிருந்த தூசியைக்கூட எண்ணலாம்போல அசையாமல் இருந்தது. முள் சிவப்பைத் தொடும்போது அணைத்தான்.

வண்டி ஆறும்வரை காத்திருந்து, வால்வையும் சுவிட்சையும் கழற்றித் துணியில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். சோதித்துப் பார்க்க ஷெட்டிலேயே ஸ்டவ் உண்டு. ஆனால் பேச்சிமுத்து ஞாயிற்றுக்கிழமையும் சில சமயம் வந்து எட்டிப்பார்ப்பான்.

அடுப்படியில் ஒரு பழைய சட்டியில் தண்ணீர் வைத்தான். வால்வைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டான். சுவிட்சின் நுனி மட்டும் தண்ணீரில் முங்கும்படி இன்னொரு கம்பியில் கட்டி, பைக் பேட்டரியிலிருந்து வயர் கொடுத்து நடுவில் ஒரு சின்ன பல்பைக் கோத்தான். சுவிட்ச் வேலை செய்தால் பல்பு எரியும்.

அன்று செல்லக்கிளிக்கு லீவு. தலைக்குக் குளித்து ஈரத் துண்டோடு வந்து நிலைப்படியில் சாய்ந்து நின்றாள்.

"என்ன பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல. டெஸ்ட்டு."

சட்டியின் அடியில் சின்னக் குமிழ்கள் வந்து ஒட்டின. சிறிது நேரத்தில் வால்வு மெதுவாக வாய் திறந்தது. அது சரியாக இருந்தது. பல்பு எரியவில்லை.

"பல்பு எரியணுமா?"

"ம்."

"எப்ப?"

"தண்ணி கொதிக்கிறதுக்கு முன்னாடியே" என்றான்.

தண்ணீர் முனகியது. குமிழ்கள் பெருத்து மேலே ஏறின. பிறகு தளதளவென்று கொதித்தது. சட்டி அதிர்ந்து, வால்வும் சுவிட்சும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. சுவரெல்லாம் வேர்த்தது. இருவரும் அந்தச் சின்ன பல்பையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அது கறுத்த விதைபோல அப்படியே இருந்தது.

"கொதிச்சிருச்சே" என்றாள்.

அவள் அவனைத் தாண்டிக் கையை நீட்டி அடுப்பை அணைத்தாள்.

சுவிட்சை எடுத்துச் சட்டையால் துடைத்தான். கரி நீங்கிய இடத்தில் பொடி எழுத்தில் நூற்றி ஐந்து என்று பொறித்திருந்தது. அது வேறு வண்டிக்கானது, வேறு சூட்டுக்கானது. எல்லாம் கெட்டு முடிந்த பிறகுதான் அது ஃபேனைக் கூப்பிடும்.

"நான் ஒங்ககிட்ட எத்தன தடவ சொன்னேன்?" என்று கேட்டாள்.

"ரெண்டு தடவ."

"மூணு."

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"அன்னைக்குச் செக்கானூரணியில நிக்கிறப்போ போன் பண்ணேன். சாரு பயந்துருவாருன்னு எறங்கிப் போயி, கொட்டுச் சத்தத்துல ஒரு காதப் பொத்திக்கிட்டுப் பேசுனேன். முள்ளு செவப்புக்கிட்டப் போயிருச்சு, வண்டிய அமத்தட்டான்னு கேட்டேன். 'அமத்துனா கூட்டத்துக்குள்ள திருப்பி ஸ்டார்ட் ஆகாது, ஃபேன் வந்துரும், பேசாம இரு'ன்னீங்க. நீங்க வண்டிக்கடியில படுத்துக்கெடந்தீங்கபோல. அம்புட்டுத்தான் சொல்லிட்டு வச்சிட்டீங்க."

அவனுக்கு ஞாபகம் வந்தது. ஞாபகம் இல்லாமல் இல்லை. எங்கேயோ ஒரு டிராயரில் போட்டு மூடிவைத்திருந்தான். காதுக்கும் தோளுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு ஒரு நட்டை முறுக்கிக்கொண்டிருந்தபோது பேசியது.

"ஏன் அத அன்னைக்கே சொல்லல? டீச்சர் முன்னாடி?"

அவள் துண்டை அவிழ்த்து முடியை உதறினாள். "நீங்க சொல்லுவீங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

*

திங்கட்கிழமை டவுன் கடையில் தொண்ணூற்றிரண்டு டிகிரி சுவிட்சை எண்ணைப் பார்த்து வாங்கினான். அதைப் போட்டதும் முள் பாதியைத் தாண்டுவதற்குள் ஃபேன் உறுமிக்கொண்டு வந்தது, முள் இறங்கியதும் நின்றது. அது அவ்வளவு எளிதாக இருந்தது அவனுக்குத் தாங்கவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் இருவரும் காரைக் கொண்டுபோய் டீச்சர் வீட்டில் நிறுத்தினார்கள். அவன்தான் ஓட்டினான். அவள் பின்சீட்டில் உட்கார்ந்தாள்.

முன்னறையில் ராயப்பன் சார் சாய்வு நாற்காலியில் இருந்தார். தாடி வளர்ந்திருந்தது. டீச்சர் எலுமிச்சைச் சாறு கொண்டுவந்து வைத்தார். சோணைமுத்து டம்ளரைத் தொடாமல், நின்றபடியே சொன்னான்.

"சார், தப்பு என் மேலதான். சுவிட்ச மாத்திப் போட்டுட்டேன். நூத்தி அஞ்சு டிகிரி சுவிட்சு. வேற வண்டியோடது. மரை பொருந்துச்சு, போட்டுட்டேன்."

சார் வலது கையை நாற்காலியில் ஊன்றி நிமிர்ந்தார். "எழுதிக் குடுத்தேனேய்யா."

"சட்டப் பையிலயே வச்சுத் தொவைக்கப் போட்டுட்டேன் சார்."

"மரை பொருந்துச்சு" என்று சார் தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு பெருமூச்சு விட்டார். "எண்பத்திரண்டுல தொறக்குற வால்வுக்கு நூத்தி அஞ்சுல முழிக்கிற சுவிட்சு."

டீச்சரின் முகம் தெளிந்தது. "நீங்களா வந்து ஒத்துக்கிட்டீங்களே சோணைமுத்து. யாரு இப்ப இப்படி வந்து சொல்றா? பெரிய மனசு வேணும் அதுக்கு."

சோணைமுத்துவுக்குக் காது இரண்டும் எரிந்தன. வசவுக்குத் தயாராக வந்திருந்தான். இதற்குத் தயாராக இல்லை.

"சரி, விடு" என்றார் சார். "ரெண்டு பேரு மேலயும் பாதிப் பாதி. நீ சுவிட்சப் பாக்கல, அவ முள்ளப் பாக்கல. செல்லக்கிளி, இனிமேயாவது பாத்து ஓட்டும்மா."

அவள் தலையை ஆட்டினாள். அவள் தலையை ஆட்டிய அந்த அசைவு, ஆமாம் என்கிற அந்தச் சின்ன அசைவு, சோணைமுத்துவை ஏதோ செய்தது.

"அவ பாத்தா சார்" என்றான். "ரெண்டு தடவ முன்னாடியே எங்கிட்டச் சொன்னா. நாந்தான் முள்ளப் பாக்காத, ரோட்டப் பாருன்னேன். அன்னைக்கும் அங்கயிருந்து போன் பண்ணா. வண்டிய அமத்தட்டான்னு கேட்டா. வேணாம்னேன். அவ அமத்தியிருந்தா வண்டி ஆறியிருக்கும். பையப் போனாலும் நீங்க நேரத்துக்குப் போயிருப்பீங்க. தெரிஞ்சேதான் டீச்சர்கிட்ட அப்புடிச் சொன்னேன்."



டீச்சர் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். "அன்னைக்கு நீ எறங்கிப் போயி போன் பேசிக்கிட்டிருந்ததப் பாத்தேன்" என்றார் செல்லக்கிளியிடம். "வண்டி அனலாக் கெடக்கு, இவ யார்கூடவோ பேசிட்டு நிக்கிறாளேன்னு நெனச்சேன். அதையும் மனசுல வச்சிருந்தேன்." பிறகு, "ஏம்மா, மறுநாள் ஷெட்டுல ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே" என்றார்.

"நீங்க என்னையக் கேக்கலயே டீச்சர்" என்றாள் செல்லக்கிளி.

குற்றம்சொல்லும் குரலில் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். முப்பது வருடம் வகுப்பில் கேள்வி கேட்டவர்.

ராயப்பன் சார் சோணைமுத்துவைப் பார்க்கவில்லை. அதன்பிறகு அவனிடம் ஒன்றும் பேசவும் இல்லை. வலது கையை மட்டும் செல்லக்கிளி பக்கம் நீட்டினார். "நாளைக்கு உசிலம்பட்டி போகணும்மா. கல்லறையில கொஞ்ச நேரம் உக்காரணும். கூட்டிட்டுப் போறியா?"

"வாரேன் சார்" என்றாள்.

வெளியே வந்து செருப்பைப் போடும்போது அவனிடம் சொன்னாள். "நெசத்த இங்க ரெண்டு பேருகிட்டதான் சொன்னீங்க. பொய்ய ஷெட்டுல அம்புட்டுப் பேரு முன்னாடி சொன்னீங்க."

*

மறுநாள் நான்கு மணிக்கு டீக்கடையில் எல்லோரும் இருந்தார்கள். சுடலை வடையைப் பிட்டு எண்ணெயைத் தாளில் ஒற்றிக்கொண்டிருந்தார். பேச்சிமுத்து பருத்திப்பாலை ஊதிக்கொண்டிருந்தான். சோணைமுத்து டீயை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு சொன்னான். வீட்டிலிருந்தே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததால் ஒரே மூச்சில் வந்துவிட்டது.

"அன்னைக்கு நான் சொன்னது பொய்யி. அவ முள்ளப் பாக்காம ஓட்டல. ஃபேன் சுவிட்ச நாந்தான் மாத்திப் போட்டேன். அவ மூணு தடவ சொல்லியும் கேக்கல."

சுடலை கேட்டார்.

"வீட்டுல எத்தன நாளாச் சோறு இல்ல மாப்ள?"

டீ மாஸ்டர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள்.

"இல்லண்ணே. நெசம்."

"நெசந்தான். யாரு இல்லன்னது?" பேச்சிமுத்து அவன் தோளில் கைபோட்டான். "மதினிய விட்டுக் குடுக்க ஒங்களுக்கு மனசில்ல. நல்ல மனுசன்ணே நீங்க. எம் பொண்டாட்டி மட்டும் அப்புடி ஒரு வண்டியக் கொதிக்கவிட்டிருந்தா, நானா இருந்தா ஊரக் கூட்டியிருப்பேன்."

சோணைமுத்து சட்டைப்பையிலிருந்து சுவிட்சை எடுத்துச் சுடலையிடம் நீட்டினான். "பாருங்க. நூத்தி அஞ்சுன்னு போட்டிருக்கு. தொண்ணூத்திரண்டு போடணும்."

சுடலை அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், திருப்பிக் கொடுத்தார். "எழுத்து ஒண்ணும் தெரியல. ஏம்ப்பா, பதினெட்டு வருசமா இந்த வேல பாக்குறவன். வருசத்துக்கு இருநூறு வண்டி ஒன் கைக்கு வருது. நீ போயி மாத்திப் போடுவியா? போட்டிருந்தாலும் அத ஒரு டிரைவரு கவனிக்க வேணாமா?"

"கவனிச்சா. அதத்தான் சொல்றேன்."

"சரிப்பா, கவனிச்சா. டீய குடி, ஆறுது."

அன்று அவன் சொன்ன ஒரு வரியை அவர்கள் கேள்வியே கேட்காமல் எடுத்துக்கொண்டார்கள். இன்று அவன் சாமானைக் கையில் கொடுத்தும் வாங்க மறுக்கிறார்கள். அவனைப் பெரியவனாக நினைத்துத்தான் மறுக்கிறார்கள். அவனுக்கு அழுகை வரும்போலிருந்தது. அதையும் பார்த்தால் இன்னொரு கதை கட்டுவார்கள் என்று டம்ளரை வைத்துவிட்டு நடந்தான்.

ஷெட் வாசலில் கார் வந்து நின்றது. செல்லக்கிளி, சாரையும் டீச்சரையும் வீட்டில் இறக்கிவிட்டு, கண்ணாடி பக்கம் ஏதோ கடகடவென்று ஆடுகிறது என்று காட்ட வந்திருந்தாள். இறங்காமல் ஜன்னலை இறக்கினாள். முகத்தில் உசிலம்பட்டிப் புழுதி. சேலை மடிப்புக் கலையாமல் இருந்தது.

"சாரு எப்புடி இருக்காரு?"

"ஒரு மணி நேரம் உக்காந்திருந்தாரு. திரும்பி வரையில ரெண்டு இட்லி சாப்டாரு." அவள் டீக்கடைப் பக்கம் பார்த்தாள். அங்கிருந்து பேச்சிமுத்து கையைத் தூக்கி, "மதினி, முள்ளு எங்க நிக்கிது?" என்று கத்தினான். சிரிப்புச் சத்தம் சாலையைத் தாண்டி வந்தது.

அவள் முகம் மாறவில்லை. "சொன்னீங்களா?" என்று கேட்டாள்.

"சொன்னேன்."

"நம்புனாய்ங்களா?"

அவன் கதவின் மேல் கைவைத்தான். தகரம் சுட்டது. எடுக்காமல் அப்படியே வைத்திருந்தான்.

"இல்ல."

அவள் அதை யோசிப்பதுபோல ஸ்டீயரிங்கைப் பார்த்தாள். பிறகு கியரைப் போட்டாள்.

"நாளைக்கும் சொல்லுங்க" என்றாள்.